பெரிய நூலகங்களும் பேரிடர் ஆயத்தமும்

கொல்கத்தா நகரின் அலிப்பூர்ப் பகுதியில், பெல்வெடேர் வளாகத்தில், நம் நாட்டின் தேசிய நூலகம் அமைந்துள்ளது. 1903ஆம் ஆண்டில் இம்பீரியல் நூலகம் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்நிறுவனம், 1948இல் தேசிய நூலகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1953 பிப்ரவரி 1ஆம் நாள் பெல்வெடேரில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் இதனைத் திறந்துவைத்தார். இன்று இங்கு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. சென்னைக் கன்னிமாரா நூலகம், பாட்னா குதா பக்ஷ் நூலகம், இராம்பூர் ரஸா நூலகம், தஞ்சை சரசுவதி மகால் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கே உரிய செல்வத்தைக் காத்து வருகின்றன.

இந்நூலகங்களை வளர்க்கத் திட்டந்தோறும் நிதி ஒதுக்கப்படுகிறது. புதிய நூல்கள் வாங்கப்படுகின்றன, கட்டடங்கள் எழுப்பப்படுகின்றன, பட்டியல்கள் கணிப்பொறியில் ஏற்றப்படுகின்றன. ஆனால் ஒரு நள்ளிரவில் மாடியின் நீர்க்குழாய் வெடித்தாலோ, மின்கசிவினால் நூலடுக்கில் தீ மூண்டாலோ, அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்ற வினாவுக்கு எழுத்து வடிவில் விடை வைத்திருக்கும் நூலகங்கள் எத்தனை? நூற்றாண்டுக் காலம் சேர்த்த செல்வம் அழிவதற்கு ஓரிரவு போதும். எனவே பேரிடர் ஆயத்தம் நூலக நிர்வாகத்தின் இன்றியமையாத பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

இழப்பின் தன்மை

நூலக இழப்பைப் பண அளவில் மதிப்பிடுவது எளிதன்று. நூல் சேர்ப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் அதன் கொள்முதல் விலை குறிக்கப்படுகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டணாவுக்கு வாங்கிய ஒரு சிறு வெளியீடு, பதிவேட்டில் இன்றும் எட்டணாப் பெறுமானமுள்ளதாகவே நிற்கும். அதன் மற்றப் பிரதிகள் எங்கும் இல்லாதிருந்தால், எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அதனை மீண்டும் பெற முடியாது. ஆகவே, கணக்கில் தோன்றும் இழப்புக்கும் உண்மையான இழப்புக்கும் தொடர்பே இல்லாமற் போகிறது.

நூல்களை இரு வகையாகப் பிரித்து நோக்குதல் இங்குப் பயன்தரும். முதலாவது, மீண்டும் வாங்கக்கூடியவை. இவற்றின் இழப்பு செலவு பற்றிய பிரச்சினை மட்டுமே. இரண்டாவது, மாற்று இல்லாதவை. கையெழுத்துச் சுவடிகள், பழைய செய்தித்தாள் தொகுதிகள், வட்டார அச்சகங்களின் வெளியீடுகள், அரசுத் துறைகளின் பழைய அறிக்கைகள் ஆகியவை இவ்வகையின. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. அச்சு நூல்கள் பலவும் மீண்டும் சேர்க்கப்பட்டன. ஆனால் வேறெங்கும் படியெடுக்கப்படாத சுவடிகள் போனவை போனவையே.

நம் நாட்டிலும் எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. 2016 ஏப்ரல் 26ஆம் நாள் புது தில்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீக்கிரையானது. 2020 மே 20ஆம் நாள் வீசிய ஆம்பன் புயலின்போது, கொல்கத்தாவின் கல்லூரித் தெருப் புத்தகக் கடைகளின் நூல்கள் வெள்ளநீரில் மிதந்த காட்சியை நாடே கண்டது.

மூன்று படிப்பினைகள்

உலக அனுபவத்திலிருந்து மூன்று நிகழ்ச்சிகள் சிறப்பாகக் கருதத்தக்கன.

முதலாவது, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம். 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு கரை கடந்து நகருக்குள் புகுந்தது. ஆற்றங்கரையிலேயே அமைந்திருந்த தேசிய மத்திய நூலகத்தின் கீழ்த்தளங்களில் அரிய பழந்தொகுதிகள் வைக்கப்பட்டிருந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் சேற்றிலும் எண்ணெய்க் கசடிலும் மூழ்கின. பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அவற்றை மீட்டனர். அவர்களைச் 'சேற்றுத் தேவதைகள்' என்று மக்கள் அழைத்தனர். ஈர நூல்கள் புகையிலை உலர்த்தும் சூளைகளுக்குக் கூட அனுப்பப்பட்டன. சீரமைப்புப் பணி பல பத்தாண்டுகள் நீடித்தது. அங்குப் பணியாற்றிய பீட்டர் வாட்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் வல்லுநர், பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்காக 1975இல் எழுதிய கையேடு, நனைந்த நூல்களை மீட்கும் துறைக்கே அடிப்படையாயிற்று. அரிய நூல்களை ஆற்றங்கரைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைக்கலாகாது என்பதே பிளாரன்ஸ் தரும் முதற்பாடம்.

இரண்டாவது, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகம். 1986 ஏப்ரல் 29ஆம் நாள் முற்பகலில் அங்கு அபாய மணி ஒலித்தது. வாசகரும் ஊழியருமாகச் சுமார் 400 பேர் சில நிமிடங்களில் அமைதியாக வெளியேறினர். பலர் அது வழக்கமான பொய் எச்சரிக்கை என்றே எண்ணினர். ஆனால் நெருக்கமான நூலடுக்குக் கோபுரங்கள் புகைபோக்கிகளைப் போலச் செயற்பட்டுத் தீயை மேலே இழுத்தன. அடுக்குகளில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்த தீயில் சுமார் 4 லட்சம் நூல்கள் அழிந்தன. மேலும் சுமார் 7 லட்சம் நூல்கள் புகையாலும் நீராலும் கெட்டன. எனினும் நனைந்த நூல்களைத் தன்னார்வலர் பெரும் எண்ணிக்கையில் கூடி அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, மீனும் உணவுப் பொருளும் வைக்கும் உறைபதனக் கிடங்குகளுக்கு அனுப்பினர். அவற்றில் பெரும்பகுதி பின்னர் உலர்த்தி மீட்கப்பட்டது. நூலகம் 1993இல் மீண்டும் திறக்கப்பட்டது.

மூன்றாவது, அன்றைய லெனின்கிராடில் இருந்த சோவியத் அறிவியல் கழக நூலகம். 1988 பிப்ரவரி 14ஆம் நாள் மூண்ட தீயில் 3 முதல் 4 லட்சம் நூல்கள் எரிந்தன. ஆனால் தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரால் நனைந்தவை பல லட்சம். உலர்த்த இடமும் கருவியும் போதாமையால் நகர மக்கள் நூல்களை வீடுகளுக்கு எடுத்துச் சென்று கொடிகளில் தொங்கவிட்டு உலர்த்தித் திருப்பிக் கொடுத்தனர். மக்களின் அன்பு போற்றத்தக்கது. ஆயினும், திட்டம் இல்லாத இடத்தைத்தான் அந்த அன்பு நிரப்ப வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

நாற்பத்தெட்டு மணி நேரம்

மேற்கண்ட நிகழ்ச்சிகளில் பொதுவாகக் காணப்படுவது ஒன்று உண்டு. தீ விபத்தாயினும் வெள்ளமாயினும், நூலகம் இறுதியில் எதிர்கொள்வது பெரும்பாலும் நீரையே. ஆகவே ஈரக் காகிதத்தின் இயல்பை அறிந்துகொள்வது அவசியம்.

1840ஆம் ஆண்டுக்கு முற்பட்ட காகிதத்தாலான நூல் தன் எடையில் 80 சதவீதம் வரையும், பிற்கால நூல் 60 சதவீதம் வரையும் நீரை உறிஞ்சக்கூடும் என்பது வாட்டர்ஸ் தந்த கணக்கு. நனைந்த நூல் பருக்கிறது. நெருக்கமாக அடுக்கப்பட்ட நூல்கள் பருக்கும்போது அடுக்குகளே வளைந்து உடைவதுண்டு. வழவழப்பான பூச்சுத் தாளில் அச்சிட்ட நூல்களின் பக்கங்கள், சில மணி நேரத்துக்குள் கவனிக்கப்படாவிடில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பூஞ்சை படரத் தொடங்குகிறது. ஆறு மாதம் வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்திருக்கும் நம் கடலோர நகரங்களில் இந்த அவகாசம் இன்னும் குறைவு என்றே கொள்ள வேண்டும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 10,000 நூல்கள் நனைந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூலின் எடை சராசரி அரைக் கிலோ எனில் மொத்த எடை 5 டன். 60 சதவீத நீர் சேர்ந்தால் 8 டன். ஒரு நூலின் பக்கங்களுக்கிடையே உறிஞ்சுதாள் செருகப் பத்து நிமிடம் ஆகும் எனில், ஒரு சுற்றுக்கே சுமார் 1,667 மணி நேரம் தேவை. 50 பேர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைத்தாலும் நான்கு நாட்களுக்கு மேலாகும். உறிஞ்சுதாளையோ பலமுறை மாற்ற வேண்டும். பூஞ்சையோ இரண்டு நாட்களில் வந்துவிடும். எனவே, சில நூறு நூல்களைக் காற்றில் உலர்த்தலாம். ஆயிரக்கணக்கான நூல்களை அவ்வாறு காப்பாற்ற இயலாது.

இதற்குத் தீர்வு உறைய வைத்தலாகும். நனைந்த நூல்களைச் சுழியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசு அல்லது அதற்கும் குறைந்த வெப்பநிலையில் வைத்தால் பூஞ்சை வளர்ச்சி நின்றுவிடும். மை பரவுவதும் தடைப்படும். பின்னர் வெற்றிட அறையில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கி நூலை உலர்த்தலாம். உறைய வைத்தல் நூலைச் சீராக்குவதில்லை. அது காலத்தை வாங்கித் தருகிறது. எந்த நூலை மீட்பது, எதனைக் கைவிடுவது, நிதி எங்கே பெறுவது என்று நிதானமாக முடிவு செய்ய மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது.

நம் நாட்டில் குளிர்பதன வசதிகள் பெருகியுள்ளன. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கு வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலை உறைநிலைக்கு மேற்பட்டது. அங்கு நூல்களை வைத்தால் பூஞ்சை மெல்ல வளருமே தவிர நிற்காது. கடல் உணவு ஏற்றுமதி நிறுவனங்கள், இறைச்சி, பனிக்கூழ்க் கிடங்குகள் ஆகியவற்றில்தான் தேவையான உறைநிலை கிடைக்கும். கொல்கத்தா, சென்னை, மும்பை போன்ற துறைமுக நகரங்களில் இவ்வசதி உண்டு. ஆனால் விபத்து நேர்ந்த அன்று தேடிச் சென்றால் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முன்னதாகவே உடன்பாடு செய்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் உறைய வைத்தலும் தவறு. கண்ணாடித் தகட்டு ஒளிப்படங்கள் உறைந்தால் கெடும். நனைந்த நுண்படச் சுருள்களை உலரவிடாமல் தூய நீரிலேயே வைத்து வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். ஓலைச்சுவடிகளை வெயிலில் காயவைக்கலாகாது; நிழலில், காற்றோட்டத்தில், மெதுவாக உலர்த்த வேண்டும்.

தீயும் நீர்த்தெளிப்பானும்

நூலகர்கள் பலர் நீர்த்தெளிப்பான்களைக் கண்டு அஞ்சுகின்றனர். தீயினும் நீரே தம் நூல்களுக்குப் பகை என்பது அவர்கள் கருத்து. இக்கருத்து ஆராயத்தக்கது. தெளிப்பான்கள் அனைத்தும் ஒரே சமயத்தில் திறந்து கட்டடம் முழுவதையும் நனைத்துவிடும் என்பது தவறான எண்ணம். வழக்கமான அமைப்பில், வெப்பம் ஏறத்தாழ 68 பாகையை எட்டிய இடத்தின் தெளிப்பான் மட்டுமே திறக்கும். அது நிமிடத்திற்குச் சுமார் 100 லிட்டர் நீரைத் தெளிக்கும். தீயணைப்புப் படையினரின் ஒரு குழாயோ நிமிடத்திற்குப் பல நூறு லிட்டரைப் பெரும் விசையுடன் பாய்ச்சும். தீ பரவிய பின் அத்தகைய குழாய்கள் பல தேவைப்படும். ஆகவே, தொடக்கத்திலேயே சிறிது நீரை ஏற்பதா, பின்னர் பெருவெள்ளத்தையும் சாம்பலையும் ஏற்பதா என்பதே உண்மையான தேர்வு. நனைந்த நூலை மீட்கலாம். எரிந்த நூலை மீட்க வழியில்லை.

கருவிகள் இருந்தால் மட்டும் போதாது. அவை செயற்படும் நிலையிலும் இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 2ஆம் நாள் பிரேசில் நாட்டின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, அருகிலிருந்த தீயணைப்பு நீர்க்குழாய்களில் போதிய நீர் இல்லை. இந்தியத் தர நிறுவனம் 1985ஆம் ஆண்டிலேயே நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றின் தீப்பாதுகாப்பிற்கென ஒரு நடைமுறை விதித்தொகுப்பை வெளியிட்டுள்ளது. ஆகவே குறை விதிகளில் இல்லை. அவற்றை நாள்தோறும் கடைப்பிடிப்பதில் உள்ளது.

ஆயத்தத் திட்டத்தின் கூறுகள்

நல்ல ஆயத்தத் திட்டம் பெரிய நூலாக இருக்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு பக்கங்களே போதுமானவை. அதில் பின்வரும் கூறுகள் இடம்பெற வேண்டும்.

முதலாவது, இடர் ஆய்வு. கட்டடத்தைச் சுற்றி வந்து, கூரை ஒழுகும் இடம், நூலடுக்கின் மேலே செல்லும் நீர்க்குழாய், பழைய மின்கம்பி, அடைபட்ட வடிகால் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பருவமழைக்கு முன் இது ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். அடுக்கின் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் உயர்த்துவதும், நூலகம் மூடியபின் அடுக்கறைகளின் மின்சாரத்தைத் துண்டிப்பதும் சிறு செலவில் பெரும் பயன் தருவன.

இரண்டாவது, முன்னுரிமைப் பட்டியல். எதனை முதலில் வெளியே எடுப்பது என்பதைப் புகை சூழ்ந்த நேரத்தில் விவாதிக்க முடியாது. மாற்று இல்லாதவை எந்தத் தளத்தில், எந்த அடுக்கில் உள்ளன என்பதைக் காட்டும் வரைபடம் முன்னரே அணியமாக இருக்க வேண்டும். அதன் ஒரு பிரதி தீயணைப்பு நிலையத்திலும் இருத்தல் நலம். திருடர் கையில் சிக்காவண்ணம் அதனை முத்திரையிட்டு வைக்கலாம்.

மூன்றாவது, பணிக்குழு. பொறுப்பாளர், மின்பணியாளர், நூல் சீரமைப்பாளர், பதிவாளர் ஆகியோரின் பெயரும் தொலைபேசி எண்ணும், அவர்கள் இல்லாதபோது பொறுப்பேற்போர் விவரமும் தாளில் அச்சிட்டு ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டும். எரியும் கட்டடத்துக்குள் பூட்டப்பட்ட திட்டத்தால் பயனில்லை. இரவுக் காவலருக்குப் பயிற்சி மிகமிக அவசியம். ஏனெனில் பேரிடரை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவரே. எந்நிலையிலும் மனித உயிருக்கே முதலிடம் என்பது எல்லோருக்கும் தெளிவாக்கப்பட வேண்டும்.

நான்காவது, பொருட்கள். பாலித்தீன் விரிப்பு, நெகிழிக் கூடைகள், உறிஞ்சுதாள், கையுறை, கைவிளக்கு, மின்விசிறி, நீரிறைக்கும் பம்பு ஆகியவை தனி அறையில் பூட்டி, சாவி இருவரிடம் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பட்டியலின் பாதுகாப்பு. நூல் இருந்தும் அதன் இருப்பிடம் தெரியாவிடில் நூலகம் முடங்கிவிடும். 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறி அமைப்புகளைச் சிலர் ஊடுருவித் தாக்கியபோது ஒரு நூல்கூட எரியவில்லை. ஆயினும் 2024 ஜனவரி வரை அதன் இணையப் பட்டியல் கிடைக்காமல் ஆய்வாளர் தவித்தனர். எனவே பட்டியல், மின்படிகள் ஆகியவற்றின் பிரதி வேறொரு நகரில், வலைப்பின்னலோடு தொடர்பற்ற நிலையில், வைக்கப்பட வேண்டும்.

நிதி விதிகளும் நடைமுறையும்

அரசு நூலகங்களில் ஆயத்தம் தடைப்படுவதற்குப் பணப்பற்றாக்குறை மட்டுமே காரணமன்று. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் நூலிழப்பைக் கவனமாகவே அணுகுகின்றன. வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை ஆண்டு இழப்பு ஏற்கத்தக்கது என்றும், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் விலை எதுவாயினும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. இவை அன்றாட இழப்புக்கு ஏற்றவை. ஒரே இரவில் 50,000 நூல்கள் நனையும் நிலைக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

உறைபதனக் கிடங்கை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தப்புள்ளி கோரினால் வாரங்கள் செல்லும். பூஞ்சைக்கு வேண்டியதோ இரண்டு நாட்கள். ஆகவே கிடங்கு, சரக்குந்து, நீரிறைப்புக் கருவி ஆகியவற்றுக்கான விலை உடன்பாடுகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே முறைப்படி முடித்து வைக்க வேண்டும். அவசரநிலையில் குறிப்பிட்ட தொகை வரை உடனே செலவிடும் அதிகாரம் தலைமை நூலகருக்கு எழுத்து மூலம் வழங்கப்பட வேண்டும். அரசுச் சொத்துகள் பொதுவாகக் காப்புறுதி செய்யப்படுவதில்லை. எனவே தடுப்புக்குச் செலவிடும் தொகையே அரசு நூலகத்தின் காப்புறுதிக் கட்டணம் எனக் கருதுவது பொருளியல் நோக்கில் பொருத்தமாகும்.

பரவலே பாதுகாப்பு

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா பொது நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகிய நான்குக்கும் அனுப்பப்பட வேண்டும். 1956இல் செய்தித்தாள்களும் இதழ்களும் இதில் சேர்க்கப்பட்டன. வாசகர் வசதிக்காக என்று கருதப்படும் இவ்வேற்பாடு, உண்மையில் நாட்டின் மிகப் பெரிய பேரிடர்க் காப்பும் ஆகும். நான்கு நகரங்களை ஒரே புயலோ ஒரே நிலநடுக்கமோ தாக்குவது அரிது. சட்டப்படியான பிரதியை அனுப்பாத பதிப்பகம், இக்காப்பில் ஒரு துளையை இடுகிறது எனலாம்.

ஆனால் இச்சட்டத்துக்கு முற்பட்ட வெளியீடுகளுக்கும் சுவடிகளுக்கும் இத்தகைய பரவல் இல்லை. 2003இல் தொடங்கப்பட்ட தேசியச் சுவடிகள் இயக்கம் போன்ற முயற்சிகளின் முக்கியத்துவம் இங்கேயே உள்ளது. மின்படி மூலச்சுவடிக்கு ஈடாகாது. எனினும் மூலம் அழிந்தால் அதில் உள்ள அறிவேனும் எஞ்சும்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையம், 2017இல் அருங்காட்சியகங்களுக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அவற்றின் பல கூறுகள் நூலகங்களுக்கும் பொருந்தும். ஒரு நகரின் நூலகங்களும், ஆவணக் காப்பகங்களும், அருங்காட்சியகங்களும் ஒன்றுகூடிப் பொருட்களையும் பயிற்சி பெற்ற ஊழியரையும் பகிர்ந்துகொள்ளலாம். லக்னோவில் 1976இல் நிறுவப்பட்ட தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் போன்றவற்றின் உதவியைப் பயிற்சிக்கு நாடலாம்.

பேரிடர் எப்போது வரும் என எவரும் கூற முடியாது. ஆனால் வந்தபின் கிடைக்கும் நாற்பத்தெட்டு மணி நேரம் எப்படிச் செலவாகும் என்பது, வருவதற்கு முந்திய ஆண்டுகளில் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. ஒரு வரைபடம், ஒரு தொலைபேசிப் பட்டியல், ஒரு கிடங்கு உடன்பாடு, ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை ஆகிய இந்நான்கும் எந்த நூலகத்தின் சக்திக்கும் அப்பாற்பட்டவை அல்ல. அடுத்த பருவமழைக்கு முன் அவற்றைச் செய்து முடிப்பது, நூல்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வோர் அதிகாரியின் கடமையாகும்.